வேதனையுடன், ஒரு பெற்றோர்

"உங்க வேலைக்கு வேட்டு வெச்சுட்டாங்க, டீச்சர்" என்று சொல்லி, டைப் அடித்த கடிதம் ஒன்றை எடுத்து ஆட்டினார் தலைமையாசிரியர். வருத்தமான செய்தி சொல்கிறவரின் முகமாக அது இல்லை.

விளையாட்டு டீச்சர் உட்காரவில்லை. கழுத்தில் விசில் தொங்கியது. ஆறு மாதமாக அதை அவர் ஊதியதே இல்லை.

தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசித்து வாசித்தார். "'ஓட்டம் இல்லை, வரிசை இல்லை, விசிலும் இல்லை. டீச்சர் மைதானத்தை நாலு துண்டாகப் பிரித்து, நாலு பேருக்கு நாலு பேர் என்று பிள்ளைகளை விளையாட விட்டுவிடுகிறார். நாற்பது நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் அறுபது தடவைக்கு மேல் பந்தைத் தொட்டுக் கூத்தடிக்கிறது. அதிகாரி உடனே நேரில் வந்து பார்க்க வேண்டும். வேதனையுடன், ஒரு பெற்றோர்.'"

"பேர் போடலையா சார்?"

"பேர் எதுக்கு, விஷயம் இருக்கே. நீங்க இதை வந்து பாருங்கன்னு மேலிடத்துக்கு மூணு கடிதம் எழுதுனீங்க, ஒரு ஆள் எட்டிப் பார்க்கல. இவர் ஒண்ணே ஒண்ணு எழுதினார், நாலாம் நாளே அதிகாரி கிளம்பி வர்றாங்க."

"வரட்டும் சார்."

"வந்ததும் மன்னிப்புக் கேட்டுடுங்க. திங்கக்கிழமையிலிருந்து நான் சொன்னபடிதான். பதினோரு பேரைப் பொறுக்கி எடுங்க, முழு மைதானத்துல பயிற்சி கொடுங்க. எனக்குக் கோப்பை வேணும். மத்ததுங்க மதில்ல உட்கார்ந்து கை தட்டட்டும்."

"என் வகுப்புல முப்பத்திரண்டு பேர் சார். இருபத்தோரு பேரை மதில்ல ஏத்தி உட்கார வைக்கிறதுக்கு விளையாட்டு டீச்சர் எதுக்கு? என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புங்க. நான் பொறுக்க மாட்டேன்."

"இந்த வீம்பு சோறு போடாது" என்றார் அவர். டீச்சர் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். ஐம்பது வயது அம்மாள், இடது காலைச் சற்று இழுத்து நடந்தார். தலைமையாசிரியர் துடைத்துப் போட்ட நாற்காலியைக் கண்டுகொள்ளாமல் நேராக மைதானத்துக்குப் போய்விட்டார்.

அங்கே நாலு குட்டி மைதானங்கள். கோல் கம்பத்துக்குப் பதிலாக உடைந்த வாளிகளும், வாளி போதாத இடத்தில் கழற்றிப் போட்ட செருப்புகளும் இருந்தன. சட்டம் ஒன்றுதான்: அணியில் நாலு பேரும் பந்தைத் தொட்ட பிறகு விழுந்தால்தான் கோல்.

டீச்சர் ஓரமாக நின்று நோட்டில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரியைப் பார்த்து வணக்கம் சொன்னாரே தவிர மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளுங்க. எங்க கோலுக்குள்ள நிக்கிறீங்க" என்றாள் ஒரு ஒல்லிச் சிறுமி. தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. அதிகாரி குனிந்து பார்த்து, இரண்டு வாளிகளுக்கு நடுவிலிருந்து விலகிக்கொண்டார்.

"யாரு இந்த வாயாடி?"

"போன வருஷம் முழுக்க அந்த மதில்லயேதான் உட்கார்ந்திருந்தா மேடம்" என்றார் டீச்சர். "பிள்ளைங்க மதில்மேல் பூனைன்னு பேர் வெச்சாங்க. அப்போ ஒரு வார்த்தை பேச மாட்டா."

பூனையிடம் பந்து வந்தது. இடது பக்கம் போகிறவள் போலத் தோளைச் சாய்த்து வலது பக்கம் நழுவினாள். தடுக்க வந்த இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். எதிரே கோல் திறந்து கிடந்தது.

அவள் அடிக்கவில்லை. "டேய் சோடாபுட்டி, நீதான் இன்னும் தொடல" என்று கத்திப் பந்தைத் தட்டிவிட்டாள். கண்ணாடி போட்ட பையன் தடுமாறி உதைத்தான். பந்து ஒரு வாளியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போனது.

"அந்தத் தோள் சாய்க்கிற வித்தையை நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்ல மேடம். இடம் சின்னது, எதிரே நாலு பேர். ஏமாத்தினாதான் தப்பிக்கலாம்னு அவளாவே கண்டுபிடிச்சா. வரிசையில நிக்க வெச்சு ஒரு வருஷம் கத்தினாலும் எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வராது."

தலைமையாசிரியர் இடையில் புகுந்தார். "பாருங்க மேடம், ஒரே இரைச்சல். அந்தப் பெற்றோர் எழுதினதுல பொய்யே இல்ல."

"இல்லவே இல்ல சார். ஒவ்வொரு வரியும் உண்மை" என்ற அதிகாரி, மதில் ஓரமாகப் போய் நின்றார். மதிலில் ஒரு பிள்ளைகூட இல்லை. அதன்மேல் ஃபைலை வைத்து ஓர் உத்தரவு எழுதினார்.

தலைமையாசிரியர் அதை இரண்டு முறை படித்தார். 'புகார் நேரில் விசாரிக்கப்பட்டது. முப்பத்திரண்டு பேரும் இதே முறையில் தொடர்ந்து விளையாட வேண்டும். அணிக்கு ஆள் பொறுக்குவதாகச் சொல்லி ஒரு பிள்ளையையும் உட்கார வைக்கக் கூடாது.'

"மேடம், அப்போ கோப்பை?"

"பூனையைக் கேளுங்க சார். அவ கொண்டுவந்தாலும் கொண்டுவருவா."

அவர் உத்தரவைச் சுருட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அறைக்குப் போய்விட்டார். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டை மூடினார். மூடும் முன்பே அந்தக் கோடுகளை அதிகாரி ஒருமுறை பார்த்துவிட்டார்.

"எழுதின பெற்றோர் யாருன்னு விசாரிக்கலையா மேடம்?" என்று துணிந்தே கேட்டார் டீச்சர்.

அதிகாரி புகார்க் கடிதத்தை நாலாக மடித்து அவர் கையில் வைத்தார்.

"பெத்தவங்க கோலைத்தான் எண்ணுவாங்க. நீங்க பந்து தொட்டதை எண்ணி எழுதிட்டீங்களே, டீச்சர்."