நாற்பத்தோராவது பெயர்

“இந்த வருஷமும் கத்தினார்னா, அடுத்த வருஷம் கேட்டுக்குள்ளயே விடமாட்டேன். உங்க மாமாகிட்ட சொல்லி வைங்கம்மா” என்றார் மேஜர்.

ஓய்வுபெற்ற மேஜர். போர்வீரர் கல்லறைத் தோட்டம் அவர் பொறுப்பில் இருந்தது. எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் விசில் மேஜர். அங்கே புல்கூட அவரைக் கேட்டுத்தான் வளரும்.

“நான் பார்த்துக்கறேன் சார்” என்றாள் மருமகள். அவள் கைப்பையில் பெரிய மிட்டாய் ஒன்று தயாராக இருந்தது. பல்லில் ஒட்டினால் லேசில் விடாத ரகம்.

விஷயம் இதுதான். நினைவு நாளன்று, சண்டையில் இறந்தவர்களின் பெயர்களை மைக்கில் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். கூட்டம் மூச்சுக் காட்டாமல் நிற்கும். நாற்பத்தோராவது பெயர் வந்ததும் பின்வரிசையில் இவளுடைய மாமனார் விறைப்பாக நிமிர்ந்து, “உள்ளேன் ஐயா” என்று குரல் கொடுப்பார். இத்தனைக்கும் அது அவர் பெயரே இல்லை.

போன வருஷம் சிறப்பு விருந்தினர் பயந்துபோய் மலர்வளையத்தைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்கப் போய், டிரம்பெட்காரருக்குப் புரையேறியது. மருமகளுக்கு மானம் போயிற்று.

இந்த முறை அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்பது முடிந்ததும் மாமனார் வாயில் மிட்டாயைத் திணித்தாள்.

“என்னம்மா இது?”

“தொண்டைக்கு நல்லது மாமா. மெதுவா மெல்லுங்க.”

நாற்பது. வாய் நன்றாக ஒட்டிக்கொண்டது. தூரத்திலிருந்து மேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நாற்பத்தொன்று.

கிழவரின் தாடை மேலும் கீழும் மல்லுக்கட்டியது. மிட்டாய் விடவில்லை. சட்டென்று பல்செட்டை மிட்டாயோடு கழற்றி மருமகள் கையில் வைத்துவிட்டு, விறைப்பாக நின்றார்.

“உல்லேன் ஐயா!”

விழா முடிந்ததும் மேஜர் இருவரையும் அலுவலக அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். மேஜைமேல் ஒரு காகிதம் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது.

“இனிமே வாயைத் திறக்க மாட்டேன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போடுங்க பெரியவரே. இல்லேன்னா இதுதான் நீங்க இங்க வர்றது கடைசி.”

கிழவர் பல்செட்டை மிட்டாயிலிருந்து பிய்த்து மறுபடி மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“கையெழுத்துப் போட முடியாதுங்க ஐயா.” காகிதத்தை மேஜைமேல் திருப்பி வைத்தார். “இங்க வராமலும் என்னால இருக்க முடியாது.”

“வயசாயிடுச்சு சார். மன்னிச்சிடுங்க” என்று மருமகள் குறுக்கே புகுந்தாள்.

“வயசானா? செத்துப்போன மனுஷனுக்கு இவர் எதுக்கம்மா ஆஜர் சொல்றாரு?”

கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இத்தனை வருஷமா எல்லாரும் திட்டத்தான் செஞ்சாங்க. ஏன்னு நீங்கதான் முதல்ல கேக்கறீங்க” என்றார்.

பிறகு சொன்னார்.

“பாரக்ஸ்ல அவனுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒருத்தன் சுவரேறிக் குதிச்சா இன்னொருத்தன் ஆஜர் குடுக்கணும். அதுதான் எங்களுக்குள்ள பேச்சு. அன்னைக்கு நான் சினிமாவுக்குப் போயிட்டேன். சாயங்காலம் பேர் கூப்பிட்டப்போ எனக்கும் சேர்த்து அவன்தான் ‘உள்ளேன் ஐயா’ன்னான். எல்லையில காவலுக்கு நிக்கிறது அன்னைக்கு என் முறை. ஆஜர் குடுத்த வாயால மாத்திச் சொல்ல முடியாம, அதுக்கும் அவனே போயிட்டான்.”

மருமகள் கையில் ஒட்டியிருந்த மிட்டாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் படம் முடிஞ்சு வந்துட்டேன். அவன் வரலைங்க.”

மேஜர் தன் கழுத்தில் தொங்கிய விசிலைச் சும்மா திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அடுத்த வருஷம் முன்வரிசையில வந்து நில்லுங்க பெரியவரே” என்றவர், மருமகள் பக்கம் திரும்பினார்.

“மிட்டாய் எதுவும் குடுத்துடாதீங்கம்மா. குரல் தெளிவா வரணும்.”