மத்தியானச் சோறு

பஞ்சாயத்தில் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பஞ்சாலை தன் அண்ணன் சன்னாசி வேலை செய்யும் ரப்பர் தோட்டத்துக்கு வந்து ஒரு மாதமாகிறது. மகள் தெய்வானை மட்டும் லோரி ஏறிப் பழைய தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே போய் வந்தாள்.

“இங்கேயே சேர்த்துடுலா,” என்றான் சன்னாசி. “காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்டுக்குப் போயிடும்னு, தோட்டத்து கேட்டுல போலீஸ்காரன் ஒரு பிடி சோத்தை வெளிய விடமாட்டேங்கிறான். லோரி திரும்புற வரைக்கும் புள்ள பட்டினி.”

பஞ்சாலைக்கும் அதே கவலைதான். “நாளைக்கே மாத்திடுவோம்ணே.”

“நான் பட்டினி இல்லம்மா,” என்றாள் தெய்வானை மெதுவாக. “மங்கம்மா சின்னம்மா தெனம் சோறு போடுறாங்க.”

சன்னாசி துள்ளி எழுந்தான். “உன் அப்பனைக் கட்டிக்கிட்டாளே, அவ கையாலயா?”

ஒரு காலத்தில் பஞ்சாலையும் மங்கம்மாவும் அடுத்தடுத்த மர நிரையில் பால் வெட்டியவர்கள். பசியாற உட்கார்ந்தால் இருவருக்கும் ஒரே தூக்குச்சட்டிதான். தெய்வானை வயிற்றில் இருந்த மாதங்களில், கருவாட்டுத் துண்டெல்லாம் பஞ்சாலை பக்கமே ஒதுங்கும்.

“பள்ளிக்கூடம் மாத்த வேணாம்ணே,” என்றவள், மகளின் பக்கம் குனிந்தாள்.

“கருவாட்டுக்கு இன்னும் மாங்கா போடுறாளாடி?”