ஒரு கொன்ட்ரோலருக்கான மன்றாட்டு

பேசாலையில், மீன் கொம்பனி வாசலில் நின்ற முதலாளியின் புதுக் காரை யாரோ இடித்துவிட்டு ஓடிவிட்டார்கள். கதவு குழிந்து, பக்கக் கண்ணாடி தொங்கியது.

முதலாளி மரியதாசன் முதலில் ஐஸ் லொறிக்காரன் ஜெகதீபனைத்தான் பிடித்தார்.

"முதலாளி, என்ர லொறி தொட்டிருந்தா உங்களிட்ட இப்ப காரே இருந்திராது. உது ரோட்டில திரியிற கழுதையின்ர வேலை. கமராவைப் பாருங்கோ."

அங்கேதான் சிக்கல். உப்புக்காற்றில் துருவேறிய கமராக் கணினி அன்றே படுத்துவிட்டது. பதிவுகள் நான்கு ஹாட் டிஸ்க்குகளில் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் படிக்கும் கொன்ட்ரோலர் கார்டைப் புதுக் கணினியில் பொருத்தினால், விண்டோஸுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. கார்டைச் செய்தவர்களும் எப்போதோ கடையை மூடிவிட்டார்கள்.

"பிள்ளை, நீர் பௌதிகம் படிச்சனீர்தானே? ஏதாவது செய்யுமன்," என்று முதலாளி கணக்கெழுதும் ஜெனிஸ்ராவிடம் சொன்னார்.

பௌதிகத்துக்கும் கார்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை விளக்க, கந்தோரில் வாயே திறக்காத அவளுக்குத் துணிவில்லை. "ஓம் சேர்," என்றாள்.

இலவச இயங்குதளங்கள் ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த கார்டுகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கும். லினக்ஸ் வகைகளில் தேடினாள். இல்லை. பிஎஸ்டி வகைகளில் தேடினாள். இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் மடு மாதாவை நினைத்துப் பெருமூச்சு விட்டாள். சோறு இறங்கவில்லை.

"விடு தங்கச்சி, என்ர பேருக்காக நீ ஏன் கரையிறாய்?" என்று ஜெகதீபனே இரங்கினான்.

முதலாளி விடவில்லை. "தெரிஞ்ச ஆக்களிட்டக் கேளும்!"

லினக்ஸ் எழுதுகிறவர்களின் குழுவில் கேட்டாள். அரைகுறையாகக் கேட்கத் தெரியாததுதான் அவளுடைய சாபம். கார்டின் இலக்கம், சிப்பின் பெயர், இருபக்கப் படம், எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டாள்.

அடுத்த கிழமை நோர்வேயிலிருந்து யாரோ பதில் எழுதியிருந்தார்: "இவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லை. உங்களுக்காகவே அந்தக் கார்டுக்கான டிரைவர் மென்பொருளை எழுதிவிட்டேன்."

முதலாளி அருகிலேயே நிற்க, புதுக் கணினியில் லினக்ஸையும் அந்த டிரைவரையும் போட்டாள்; பதிவுகள் திறந்தன.

"எல்லாரும் வாங்கோ! ஆளைப் பிடிப்பம்!" என்று மரியதாசன் கூப்பிட்டார்.

திரையில் கழுதை ஒன்று ஆடி அசைந்து வாசலைக் கடந்தது.

"சொன்னனான்தானே!" என்று துள்ளினான் ஜெகதீபன்.

அந்தக் கழுதைக்கு விலத்தி, ஸ்கூட்டியைக் கார்க் கதவில் கொண்டுபோய்ச் சொருகியவள், இயக்க விதிகளில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த ஜெனிஸ்ரா.