எதிரே யாரும் வரவில்லை

சமையலறைச் சுவரில் எறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. புற்றில் குஞ்சுகள் பசியோடு காத்திருந்தன. முற்றத்தில் கிடந்த வெல்லத்துண்டுதான் அன்றைய சாப்பாடு.

முன்னால் போன எறும்பு, முற்றத்திலிருந்து எதிரே திரும்பி வந்த ஒவ்வொரு எறும்பின் முகத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டே நகர்ந்தது.

"ஏம்மா, இதென்ன கல்யாண வீட்டு வாசலா? இப்படி ஒவ்வொருத்தரையா விசாரிச்சா எப்போ போய்ச் சேருவே?" என்று சிரித்தது சுவரில் ஒட்டியிருந்த பல்லி.

"வெல்லம் இருக்கா, வழி நல்லாயிருக்கான்னு கேக்கிறேன் அண்ணே."

ஜன்னலை நெருங்கும்போது எறும்பு சட்டென்று நின்றது.

"என்ன, ஏதாவது சேதி வந்துதா?" என்றது பல்லி.

"வரலையே, அதான் சேதி. கொஞ்ச நேரமா எதிரே ஒருத்தரையும் காணோம். எல்லாரும் திரும்புங்க, அரிசி டப்பாவுக்குப் போவோம்!"

அந்த வழியை அது நேற்றே ஆள் அனுப்பிப் பார்த்து வைத்திருந்தது.

பல்லி நம்பாமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. யாரோ முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். வெல்லம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. வெல்லத்துக்கு ஏற்கெனவே போயிருந்த எறும்புகள் துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றன.

பல்லி திரும்பி வந்தபோது, முன்னால் போன எறும்பு அரிசிக் குருணையைச் சுமந்துகொண்டு புற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"உங்க ஆளுங்க பதினோரு பேர் கல்லு மேல பத்திரமா இருக்காங்க. தண்ணி வடியுது" என்று யாரும் கேட்காமலே சொன்னது பல்லி.