சுருள் பிடிக்கும் நேரம்

பஞ்சை அவள்தான் வைத்தாள்.

நெற்றியோரம், காதுக்குப் பின்னால், பிடரியைச் சுற்றி. மருந்து வழிந்து தோலில் பட்டுவிடக்கூடாது என்றுதான். நல்லதுக்குத்தான் வைத்தாள். அதை யாரும் இல்லையென்று சொல்லமுடியாது.

அம்மா குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோளில் பழைய துண்டு. தலையில் முடியைச் சுற்றிய இருபத்தெட்டுக் குழல்கள். அவ்வளவு முடிதான் மிச்சம்.

எண்பத்தொரு வயதில் முடியைச் சுருளாக்க என்ன பெர்ம் வேண்டிக்கிடக்கிறது என்று அவள் கேட்டிருந்தாள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. அம்மா விடவில்லை. முப்பது வருடம் நர்ஸ் வேலை. வெள்ளைத் தொப்பிக்குக் கீழே சுருள் முடியோடுதான் ஈப்போவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பழைய நர்ஸுகள் எல்லாம் கூடிச் சாப்பிடுகிறார்கள். வழக்கமாகப் போகும் சலூன் மாடியில் இருக்கிறது. முழங்கால் இனிமேல் மாடி ஏறாது.

சரி, நானே போட்டுவிடுகிறேன் என்று பெர்ம் மருந்துப் பெட்டி வாங்கி வந்தாள். மருந்தை ஊற்றி, பதினைந்து நிமிடம் விட்டு, அலச வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஊற்றினாள். வாடை கண்ணைக் கரித்தது.

பஞ்சு நனைந்தால் உடனே மாற்றவும் என்று பெட்டியில் போட்டிருந்தது. படித்தாள். புதுப் பஞ்சைக் கையில்கூட எடுத்துவிட்டாள்.

போன் அடித்தது.

தியாகு. ஜொகூரில் இருக்கும் தம்பி. மூன்று வாரம் கழித்து இன்றைக்குத்தான் மகாராசனுக்கு அக்கா ஞாபகம் வந்திருக்கிறது.

பக்கத்துச் சமையலறைக்குப் போய்ப் பேசினாள். கதவைச் சாத்தவில்லை. சத்தியமாக, சாத்தவேண்டும் என்று தோன்றவே இல்லை.

"ஆறு மாசம் நீ வச்சிக்கோ தியாகு. எனக்கு மட்டுமா அம்மா? எனக்கும் அம்பத்தாறு ஆச்சுடா. இடுப்பு போச்சு. ஒரு கல்யாணம் காட்சின்னு வெளிய போய் ரெண்டு வருஷமாச்சு."

அவன் வீடு சின்னது என்றான். பிள்ளைக்குப் பரீட்சை என்றான்.

"எப்பதான்டா எனக்கு விடியும்?"

சொன்ன பிறகுதான் என்ன பேசினோம் என்று உறைத்தது. உறைத்தும் நிறுத்தவில்லை. இரண்டு வருடத்துக் கோபம், ஒரு வாக்கியத்தோடு நிற்குமா?

கடைசியில் அவன், "முடியாதுக்கா. இப்போ மட்டும் இல்ல, எப்பவுமே சரிப்பட்டு வராது," என்றான். வைத்துவிட்டான்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். முகத்தைத் துடைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

நாற்பது நிமிடம்.

ஓடினாள்.

அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மடியில். கண்ணை மூடியிருந்தார்.

பஞ்சு ஊறித் தோலோடு ஒட்டியிருந்தது. எடுத்தபோது, நெற்றியோரம் கோடு இழுத்ததுபோல் சிவந்திருந்தது. வலது காதுக்குப் பின்னால் கொப்புளம்.

"ஐயோ! ஏம்மா, எரியலையா?"

"எரிஞ்சுது."

"ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

"நீ பேசிக்கிட்டிருந்தே."

அவள் பஞ்சைப் பிடித்தபடியே நின்றாள். அம்மாதான் சொன்னார்:

"பதறாத. தண்ணிய ஊத்து. நான் சொல்றவரைக்கும் நிறுத்தக்கூடாது."

வார்டில் பேசிய குரல். எத்தனை பேருடைய வெந்த தோலைக் கழுவிய ஆள். என்ன நடக்கிறது என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். தோள்பிடிப்பு, அவர் கை காதுவரை போகாது. கூப்பிட்டால்தான் உண்டு.

கூப்பிடவில்லை.

அம்மா குனிந்தார். அவள் குழாயைத் திருப்பி, பிளாஸ்டிக் மக்கில் பிடித்துப் பிடித்து ஊற்றினாள். தன்னைத்தானே ஓங்கி அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்தது.

"சுருள் நல்லா புடிச்சிருக்கா?" என்று கேட்டார் அம்மா.

"புடிச்சிருக்கு, அம்மா."

"அப்போ சரி."

அவள் அடுத்த மக்கைத் தூக்கினாள்.

"தியாகு வீட்டுக்குப் போறதுக்குள்ள இது ஆறிடும். அவன் கேட்டா, சுடுதண்ணிய நானே ஊத்திக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன். உன்னை ஒரு வார்த்தை கேக்க விடமாட்டேன்."

அவள் மக்கைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக்கு வரச் சொன்னான்?"

அவள் பேசியது அத்தனையும் அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. அவன் பேசியது கேட்கவில்லை.

வேண்டாம் என்று மகள் கத்தியதை அம்மா கேட்டாயிற்று. வேண்டாம் என்று மகனும் சொன்னதை எந்த வாயால் சொல்வது?

"அவன் வரச் சொன்னான்மா," என்றாள். "நான்தான் அனுப்பமாட்டேன்னு சொல்லிட்டேன்."

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. தண்ணீர் பிடரியிலிருந்து கன்னம் வழியாக ஓடியது. கையை நீட்டித் துழாவி, அவள் முழங்காலைத் தொட்டார். இரண்டு தடவை மெல்லத் தட்டினார்.

"அப்படியா," என்றார்.

பிறகு, "நீ நல்ல பிள்ளை."