அடிஷனல் ஷீட்

பெத்தன் மறுபடியும் கையைத் தூக்கினாள். மூன்றாவது அடிஷனல் ஷீட்.

பக்கத்து வரிசையில்தான் நெரிஸ் நின்றாள். நகரவே இல்லை. ஹாலின் மறுகோடியில் இருந்த என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். முட்டிவலியோடு நான்தான் நடந்தேன்.

நாங்கள் இருவரும், நம்மூர் பிளஸ் டூ மாதிரியான ஏ லெவல் தேர்வுக்குக் கண்காணிப்பாளர்கள். வேல்ஸின் சுவான்சி நகரில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடம்தான் ஜூன் மாதம் தேர்வுக் கூடம். மூன்றே பாடத்தை இரண்டு வருடம் மாய்ந்து மாய்ந்து படித்துவிட்டு வருகிற பிள்ளைகள். அதில் ஒருத்தியிடம் மட்டும் ஓரவஞ்சனை என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

தேர்வு முடிந்து டீ குடிக்கும்போது பிடித்துக்கொண்டேன்.

"ஏன் நெரிஸ், அந்தப் பொண்ணு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? மத்தவங்க கையத் தூக்கினா ஓடுற. அவளுக்கு ஒரு பேப்பர் குடுக்க மட்டும் மனசு வரலையா?"

நெரிஸ் கப்பையே பார்த்தாள்.

"அவ என் பொண்ணுதான்க்கா."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"நாலு வயசுல அவங்க அப்பாகிட்ட விட்டுட்டுப் போனேன். அப்ப எனக்குக் குடிதான் பெருசா இருந்துச்சு. இப்ப நிறுத்தி வருஷமாச்சு, ஆனா எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது? தூரத்துல இருந்தாவது பார்க்கலாம்னுதான் இந்த வேலைக்கு வந்தேன். ஆபீஸ்ல உண்மையச் சொல்லிட்டேன். சொந்தப் பொண்ணு மேஜைகிட்ட மட்டும் போகக் கூடாதுன்னு சொல்லித்தான் சேர்த்துக்கிட்டாங்க."

"அவளுக்குத் தெரியுமா?"

"நாலு வயசுல பார்த்த முகம் எங்க ஞாபகம் இருக்கும்க்கா? வியாழக்கிழமை வரலாறு பரீட்சை, அதோட சரி. அப்புறம் நியூகாசிலுக்குப் படிக்கப் போயிடுவா."

வியாழக்கிழமையும் பெத்தன் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். முணுமுணுக்காமல் நானே நடந்தேன். நெரிஸ் சுவரோரம் நின்று, எழுதுகிற அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் முடிந்தது. விடைத்தாள்களை வாங்கிக்கொண்டு பெத்தனிடம் வந்தேன். முதலில் கொடுத்த விடைத்தாளிலேயே நாலு பக்கம் மிச்சம் இருந்தது. அடிஷனல் ஷீட் எல்லாம் அப்படியே வெள்ளையாகக் கிடந்தன.

"ஏம்மா, ஒண்ணுலகூட எழுதலையே. எதுக்கு இத்தனை வாங்கின?"

அவள் சுவரோரம் திரும்பிப் பார்த்தாள்.

"கடைசி நாளாச்சே. ஒரு தடவையாவது எங்கம்மா கொண்டுவந்து குடுப்பாங்கன்னு பார்த்தேன்."