இன்னைக்குச் சங்கிலி

"சங்கிலியை மாட்டற பின்னைக் காணோம் சார்," என்றாள் அந்தப் பெண், காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தபடியே.

டெஸ்ட் ஆபீசர் கையிலிருந்த பேப்பரை விட்டு நிமிர்ந்தார். இவள் டயரைத் தொடவில்லை, லைட்டைப் பார்க்கவில்லை. காரை விட்டு இறங்கினாள், நேராகப் போனாள், காரையும் ட்ரெய்லரையும் சேர்க்கிற சங்கிலியில் கை வைத்தாள்.

ட்ரெய்லர் லைசென்ஸ் டெஸ்ட்டில் தினமும் வேண்டுமென்றே ஒரு குறை வைப்பார் அவர். ஒருநாள் லைட் ஒயரை உருவி விடுவது, ஒருநாள் டயரில் காற்றைக் குறைப்பது, ஒருநாள் சங்கிலிப் பின்னைக் கழற்றுவது. அன்றைக்கு எது என்பதைக் காலையில் ரூம் கதவைச் சாத்திவிட்டு கிளார்க்கிடம் மட்டும் சொல்வார். கிளார்க் போய் அதைச் செய்துவிட்டு வருவார். பத்துக்கு எட்டுப் பேர் அதிலேயே காலி.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"குனிஞ்சேன் சார், தெரிஞ்சுது."

"மத்ததெல்லாம் பாக்கலையே?"

"இதோ பாக்கறேன் சார்." அவசரமாக ஒரு டயரைக் காலால் தட்டினாள். நடிக்கக்கூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

போன வருஷம் இப்படித்தான் இன்னொரு ஆபீசில் டெஸ்ட் விஷயம் வெளியே போய், அங்கிருந்த ஆபீசர் சத்தமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இவருக்கு ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம்.

சங்கிலியில் பின்னைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஏறினார்கள். தீப்பெட்டி மாதிரி ஒரு கியர் கார். அவருடைய முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது.

"இந்த வண்டி எப்படிம்மா மேட்டுல ட்ரெய்லரை இழுக்கும்? கிளட்ச் கருகிப் போகும்."

"என் தங்கச்சி வீட்டுக்காரர் வண்டி சார். ட்ரெய்லர் காலிதானே, இழுத்துடும்."

மேட்டின் நடுவில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். கிளம்பச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடி கிளட்ச்சை மெல்ல மெல்ல விட்டாள். இன்ஜின் சத்தம் கம்மியது. அப்புறம்தான் பிரேக்கை விட்டாள். ஒரு சாண்கூடப் பின்னால் போகாமல், கருகல் வாசனையும் இல்லாமல் ஏறியது வண்டி.

"எதுக்கு இந்த லைசென்ஸ்?"

"நான் வேலை பாக்கற கான்ட்ராக்ட் கம்பெனியில தண்ணி டேங்க் ட்ரெய்லர் ஓட்ட ஆள் கேக்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள லைசென்ஸைக் காட்டினா எனக்கு வேலை நிரந்தரம். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க சார்."

ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். அங்கேதான் எல்லாருக்கும் வேர்க்கும். முன்னால் வண்டி ஒரு பக்கம் போனால் பின்னால் ட்ரெய்லர் மாப்பிள்ளை முறுக்கு காட்டி இன்னொரு பக்கம் போகும்.

இவள் ஸ்டியரிங் வட்டத்தின் அடிப்பக்கத்தில் கையை வைத்தாள். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கம் கையைத் தள்ளினாள். இரண்டு கம்பத்துக்கு நடுவில் ட்ரெய்லர் அடக்கமாகப் போய் நின்றது.

ஆபீசர் அவள் கையையே பார்த்தார். அது அவருடைய வித்தை. ஃபெயிலானவர்களை ரூமுக்குக் கூப்பிட்டு, அவர் திட்டிக்கொண்டே சொல்லித்தருவது. இவள் டெஸ்ட்டுக்கு வருவதே இதுதான் முதல் தடவை.

"இதை யார் சொல்லிக்கொடுத்தா?"

"கேள்விப்பட்டதுதான் சார்." அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கினார். கார் பானெட் மேலேயே பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "பிடிங்க. பாஸ். ஓட்டினது நல்லா ஓட்டினீங்க, அதை நான் இல்லைன்னு சொல்ல முடியாது. கெளம்புங்க."

அவள் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கார் கதவைத் திறந்தாள்.

ஆபீசர் கிளார்க்கைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"எவ்வளவு வாங்கினே?"

"என்ன சார்?"

"இன்னைக்குச் சங்கிலின்னு இவங்ககிட்ட யார் சொன்னது?"

கிளார்க்குக்கு முகம் வெளிறிப்போனது. "சத்தியமா நான் இல்ல சார். என் பொண்டாட்டிகிட்டக்கூட ஆபீஸ் விஷயம் பேச மாட்டேன்."

"பொண்டாட்டிகிட்ட பேசாதவன்தான்யா ஊர்ல எல்லார்கிட்டயும் பேசுவான்."

"சார், எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவளுக்கு இப்பத்தான் காலேஜ்ல எடம் கெடச்சிருக்கு. இப்படிப் பேர் வாங்கிட்டுப் போனா எவன் சார் வேலை தருவான்?"

"அதை அப்பவே யோசிச்சிருக்கணும்." பானெட் மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து மேலிடத்துக்கு எழுத ஆரம்பித்தார். "காலைல ரூம்ல இருந்தது யாரு? நீயும் நானும். கதவு சாத்தியிருந்துது. ரெண்டே பேர். நான் சொல்லல. அப்ப யாருய்யா சொன்னது?"

கிளார்க் இரண்டு கையையும் கூப்பினார்.

கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பும் என்று ஆபீசர் பேனாவோடு காத்திருந்தார். கிளம்பவில்லை. அவள் நடந்து வந்து, பைக்குள் வைத்த பேப்பரை எடுத்து, அவர் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேல் வைத்தாள்.

"இதைக் கிழிக்கணும்னா கிழிச்சுக்குங்க சார். அவரை விட்டுடுங்க. காலைல ரூம்ல இருந்தது ரெண்டு பேர் இல்ல, மூணு பேர்."

"யாரது மூணாவது?"

"கொஞ்சம் காலைத் தூக்குங்க சார்னு நான் சொன்னேன். ரெண்டு பேரும் பேசிக்கிட்டே தூக்கினீங்க, நான் கீழ தொடைச்சேன். ஏழு வருஷமா தினமும் அப்படித்தான் சார் தூக்கறீங்க."